காரின் ஒலிபெருக்கி: தொழிற்சாலை தந்ததும் உரிமையாளர் மாற்றியதும்

தொழிற்சாலையிலிருந்து காரோடு வரும் ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனம் செய்த ஒலிபெருக்கிகளைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் இன்று உலகெங்கும் உள்ளது. பேச்சு வழக்கில் 'ஸ்பீக்கர் மாற்றுவது' என்று இதைச் சொல்கிறோம். வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. ஆனால் இதன் பின்னணியில் வானொலி, டிரான்சிஸ்டர், ஒலிநாடா, காந்தவியல், நுகர்வோர் சட்டம் என்று பல துறைகளின் வரலாறு பின்னிக் கிடக்கிறது. காரில் கேட்கும் ஒலி யார் கையில் இருக்கிறது, காரைச் செய்தவர் கையிலா, வாங்கியவர் கையிலா என்ற கேள்வியும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கார் நிறுவனங்கள் வானொலியையோ ஒலிபெருக்கியையோ தரவில்லை. எல்லாம் வெளியார் கொண்டுவந்து பொருத்தியவைதாம்.

வால்வுக் காலம்

நாம் இன்று பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பு எளியது. நிலைகாந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மாறும் மின்னோட்டம் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அசையும் சுருள் கொண்ட ஒலிபெருக்கியை டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் கலிபோர்னியாவில் உருவாக்கி, 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் சான் பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்கு முன் இயக்கிக் காட்டினர். 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ரைசும் கெல்லாக்கும் அதைக் கூம்பு வடிவில் செம்மைப்படுத்தினர். அதன்பின் எவ்வளவோ மாறினாலும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

இதைக் காருக்குள் கொண்டுபோவதில் இருந்த தொல்லைகள் இன்றைய மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். வால்வு வானொலிக்கு நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும். காரின் மின்கலமோ 6 வோல்ட். ஆகவே முதலில் தனி மின்கலங்களைக் காரின் தரைக்கடியில் அடுக்கினார்கள். பிறகு 'வைப்ரேட்டர்' என்ற அதிர்வுக் கருவி வந்தது. அது நேர்மின்னோட்டத்தை விநாடிக்குப் பலமுறை வெட்டி வெட்டி விடும். மின்மாற்றி அதை உயர்ந்த மின்னழுத்தமாக்கும். இயந்திரத்தின் தீப்பொறிச் செருகிகளிலிருந்து எழும் மின் இரைச்சல் பாட்டோடு கலந்து கரகரக்கும். அதை அடக்கத் தனி உறுப்புகள் வேண்டும்.

இவற்றையெல்லாம் சமாளித்து, விற்பனையில் வெற்றி கண்டது சிகாகோவின் கால்வின் நிறுவனம். பால் கால்வின் 1930 ஜூன் மாதத்தில் தம் ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு வானொலியைப் பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்குப் போனார். மாநாட்டில் அரங்கு எடுக்கப் பணம் இல்லாததால் காரை வெளியே நிறுத்தி, போவோர் வருவோருக்குப் பாட்டைக் கேட்க வைத்தார் என்பது அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற கதை. அந்தக் கருவிக்கு வைத்த 'மோட்டோரோலா' என்ற பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயராயிற்று.

ஐரோப்பாவில் முதல் கார் வானொலி என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது ஜெர்மனியின் பிளாபுங்க்ட் 1932இல் வெளியிட்ட ஆட்டோசூப்பர் ஏஎஸ் 5. அதன் எடை சுமார் 15 கிலோ. விலை 465 ரைக்ஸ்மார்க், அதாவது ஒரு சிறிய காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஓட்டுநர் எட்டித் தொடக்கூடிய இடத்தில் அவ்வளவு பெரிய பெட்டியை வைக்க முடியாது. ஆகவே சுக்கானின் தண்டில் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியை வைத்து அங்கிருந்து இயக்கினார்கள். இன்றைய கார்களின் சுக்கானில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள பொத்தான்கள் புதுமை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்நாளில் ஒரு காருக்கு ஒரே ஒரு ஒலிபெருக்கிதான். வந்ததெல்லாம் மீடியம் வேவ் பேச்சும் பாட்டும். உச்ச அதிர்வெண்கள் அந்த அலைவரிசையிலேயே கிடையாது. சிறிது சிறிதாகக் கார் நிறுவனங்களே முகப்புப் பலகையின் நடுவில் வானொலிக்கு இடம் ஒதுக்கி, அதற்கு மேலோ பக்கத்திலோ ஒரு நீள்வட்ட ஒலிபெருக்கியை வைத்துத் தர ஆரம்பித்தன. அது கேட்டவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நல்ல ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்தாலும் அது பாட அங்கே எதுவும் இல்லை.

இரண்டு காதுக்கு இரண்டு ஒலி

நிலைமையை மாற்றியவை மூன்று. ஒன்று பண்பலை வானொலி. பிளாபுங்க்ட் 1952இல் பண்பலை வாங்கும் கார் வானொலியை வெளியிட்டது. இரண்டாவது டிரான்சிஸ்டர். 1955இல் பில்கோ நிறுவனமும் கிரைஸ்லரும் சேர்ந்து முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன கார் வானொலியைக் கொண்டுவந்தன. வைப்ரேட்டருக்கு வேலை போயிற்று, எடையும் சூடும் குறைந்தன. மூன்றாவதுதான் மிக முக்கியமானது: காரில் அவரவர் விரும்பிய பாட்டைப் போட்டுக்கொள்ளும் வசதி.

அதற்கு முதல் முயற்சியை இசைத்தட்டில் செய்தார்கள் என்றால் நம்புவது கடினம். சிபிஎஸ் ஆய்வகத்தின் பீட்டர் கோல்ட்மார்க் வடிவமைத்த 'ஹைவே ஹை-ஃபை' என்ற இசைத்தட்டுக் கருவியைக் கிரைஸ்லர் தன் 1956ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் விருப்பத் தேர்வாகத் தந்தது. நிமிடத்துக்கு 16⅔ சுற்று மட்டும் சுழலும் 7 அங்குலத் தட்டுகள். குலுங்கும் காரில் ஊசி துள்ளாமலிருக்கக் கூடுதல் அழுத்தம். அதற்கென்று தனியாக அச்சிட்ட தட்டுகள் தவிர வேறெதுவும் அதில் ஓடாது. சில ஆண்டுகளில் அது மறைந்தது. நிறுவனம் விரும்பிய வடிவத்தில் மட்டும் பாட்டைக் கேள் என்றால் வாங்குபவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதற்கு இது ஒரு பழைய சாட்சி.

ஒலிநாடாவின் கதை வேறு. கலிபோர்னியாவில் பழைய கார் வியாபாரம் செய்து, 'மேட்மேன்' என்று தம்மையே விளம்பரப்படுத்திக்கொண்ட எர்ல் மன்ட்ஸ், 1960களின் தொடக்கத்தில் நான்கு தடங்கள் கொண்ட 'ஸ்டீரியோ-பாக்' நாடாப் பெட்டியைக் கார்களில் பொருத்தி விற்றார். அதைப் பார்த்து மேம்படுத்தி எட்டுத் தடக் கருவியாக்கியவர் வில்லியம் லியர். சிறிய ஜெட் விமானங்களுக்குத் தம் பெயரைத் தந்த அதே லியர்தான். ஃபோர்டு நிறுவனம் 1966ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இதை விருப்பத் தேர்வாக்கியது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் 1963இல் அறிமுகம் செய்த சிறிய கேசட், 1968இல் காருக்கும் வந்து, மெல்ல மெல்ல எட்டுத் தடத்தை ஓரங்கட்டிவிட்டது.

இந்த நாடாக்கள் எல்லாம் ஸ்டீரியோ. இடது காதுக்கு ஒரு தடம், வலது காதுக்கு ஒரு தடம். முகப்புப் பலகையின் நடுவிலிருந்த ஒற்றை ஒலிபெருக்கியால் இதைத் தர முடியாது. ஆகவே கதவு உட்பலகைகளை வட்டமாக வெட்டினார்கள். பின்னிருக்கைக்குப் பின்னாலுள்ள தட்டில் 6×9 அங்குல நீள்வட்ட ஒலிபெருக்கிகளைப் பதித்தார்கள். இன்றும் நம் ஊர்க் கடைகளில் 'சிக்ஸ் பை நைன்' என்று கேட்டால் எடுத்துத் தருவது அந்த அளவைத்தான். காரைச் செய்தவர் நினைத்துப் பாராத இடத்தில் உரிமையாளர் ரம்பத்தை வைத்தார். மாற்றிப் பொருத்தும் வரலாறு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

தொழிற்சாலை ஒலிபெருக்கி ஏன் சுமாராக இருந்தது?

'கம்பெனி ஸ்பீக்கர் மட்டம்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பொறியாளர்களுக்கு நல்லது செய்யத் தெரியாமல் இல்லை. அவர்களுக்குத் தரப்பட்ட கணக்கு வேறு. கதவுக்குள் மழைநீர் இறங்கும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அடுப்புப் போலாகும். கதவு ஆயிரக்கணக்கான முறை அறைந்து சாத்தப்படும். இத்தனையையும் தாங்கி, எடை குறைவாக, கண்ணாடி இறங்கும் இடத்தில் இடிக்காமல் ஆழம் குறைவாக, விலையும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்கும்போது ஓர் ஒலிபெருக்கியில் மிச்சமாகும் சிறு தொகையும் பெரும் தொகையாகும். ஒலியின் தரம் அந்தப் பட்டியலின் கடைசியில் நின்றது. காரை வாங்க வருபவர் இயந்திரத்தையும் இருக்கையையும் பார்ப்பார். ஒலிபெருக்கியின் காந்தத்தை யார் பார்க்கிறார்கள்?

இதைவிடச் சுவையானது மின்சக்தியின் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் யாரும் இதைப் போட்டுப் பார்க்கலாம். இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். பழைய வகைச் சுற்றில் ஒலிபெருக்கிக்கு இதன் பாதி, அதாவது 7.2 வோல்ட் உச்சமாகக் கிடைக்கும். அதன் ஆர்எம்எஸ் மதிப்பு ஏறத்தாழ 5.1 வோல்ட். ஒலிபெருக்கியின் மின்மறுப்பு 4 ஓம் என்றால், 5.1-இன் இருமடியை 4-ஆல் வகுக்க, கிடைப்பது 6.5 வாட். அவ்வளவுதான். ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் 'பிரிட்ஜ்' சுற்றில் மின்னழுத்தம் இரட்டிப்பாகும். திறன் நான்கு மடங்காகி 26 வாட் வரும். இழப்புகள் போக 20 வாட் அளவில் நிற்கும். ஆனால் கருவியின் முகத்தில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தில், ஒலி முற்றிலும் சிதைந்த நிலையில், தாளில் மட்டும் வரும் எண். விளம்பரத்தில் உள்ள எண்ணையும் ஓம் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகிய மாணவரை எந்தக் கடைக்காரரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

வீட்டு ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 8 ஓம் இருக்க, கார் ஒலிபெருக்கிகள் 4 ஓம் ஆனதற்கும் காரணம் இதே கணக்குதான். மின்னழுத்தத்தைக் கூட்ட முடியாதபோது மின்மறுப்பைக் குறைத்தால் மின்னோட்டம் கூடும்.

இந்தத் தடையை உடைத்தவர்களில் முதன்மையாகச் சொல்லப்படுபவர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் ஃபாஸ்கேட். 1973 அளவில் அவர் காருக்கென்று தனி ஆம்ப்ளிபயரை உருவாக்கினார். இத்தகைய ஆம்ப்ளிபயர்களின் உள்ளே நடப்பது என்ன? மின்கலத்தின் நேர்மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர்கள் வெட்டி வெட்டி மின்மாற்றிக்கு அனுப்ப, அது உயர்ந்த மின்னழுத்தமாகிறது. வால்வுக் காலத்து வைப்ரேட்டர் செய்த அதே வேலை! நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது வேறு உருவில் திரும்பி வந்தது.

ஜப்பானில் பயனியர் நிறுவனம் 1970களின் நடுவில் வீட்டு ஸ்டீரியோ போலவே தனித்தனி உறுப்புகளாகக் கார் ஒலிக்கருவிகளைக் கொண்டுவந்தது. பின்தட்டில் வைக்கும் பெட்டி ஒலிபெருக்கிகளில் நிறுவனத்தின் பெயர் இரவில் ஒளிரும். 1980களில் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் காரின் பின்கண்ணாடி வழியே அந்த எழுத்தைப் பார்ப்பது ஒரு தலைமுறை ஜப்பானியருக்கு இளமைக் கால நினைவு. அமெரிக்காவில், முன்னே சொன்ன ஜென்சன் 1927இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனத்தின் பெயரில், தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனிக் கூம்புகளை ஒரே அச்சில் அமைத்த ஒலிபெருக்கிகள் விற்றன. இவற்றின் சிறப்பு என்னவென்றால், பழையதைக் கழற்றிய அதே ஓட்டையில் இவை உட்காரும்.

ஒரு பட்டியல் புத்தகம் செய்த வேலை

வர்ஜீனியா மாநிலம் சார்லட்ஸ்வில்லில் பில் கிரச்ஃபீல்டு என்ற இளைஞர் ஒரு பழைய போர்ஷே காரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அதில் ஸ்டீரியோ பொருத்த விரும்பியபோது, எந்தக் கருவி எந்தக் காரில் சேரும் என்ற விவரமே எங்கும் கிடைக்கவில்லை. 1974இல் அவர் தம் தாயாரின் வீட்டிலிருந்தே தபால்வழி விற்பனையைத் தொடங்கினார். வியாபாரம் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தபோது, வாங்கியவர்களுக்கும் விசாரித்துவிட்டு வாங்காதவர்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். வந்த விடைகளிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. மக்களைத் தடுத்தது பயம்தான். 'கழற்றிவிட்டு மறுபடி மாட்டத் தெரியாவிட்டால்?'

அதன்பின் அவர் வெளியிட்ட பட்டியல் ஒரு பாடநூல் போலிருந்தது. கருவிகள் என்ன செய்கின்றன, எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது என்று விளக்கிக் கட்டுரைகள் எழுதினார். காலப்போக்கில் அந்த நிறுவனம் புதிய கார் மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, கதவில் உள்ள ஓட்டையின் விட்டம், ஆழம், திருகுகளின் இடம், கம்பி இணைப்பின் வடிவம் எல்லாவற்றையும் குறித்து வைக்கத் தொடங்கியது. தொழிற்சாலைக் கம்பியை வெட்டாமலே புதிய ஒலிபெருக்கியை இணைக்கும் இணைப்பிகளும் சந்தைக்கு வந்தன. ஆசிரியர் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். பொருளை விற்பதற்கு முன் பாடம் நடத்தினார். பாடம் புரிந்தவர்கள் வாங்கினார்கள்.

அதே காலத்தில் அமெரிக்கச் சட்டமும் உரிமையாளரின் பக்கம் நின்றது. 1975இல் இயற்றப்பட்ட மக்னுசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, வேறு நிறுவனத்தின் உதிரிப்பாகத்தைப் பொருத்திய ஒரே காரணத்துக்காக முழு வாகனத்தின் உத்தரவாதத்தையும் மறுக்க முடியாது. அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்றால் மட்டுமே மறுக்கலாம். ஜெர்மானியத் தரநிலையிலிருந்து பிறந்து பின்னர் உலகத் தரநிலையாகிய 180 × 50 மில்லிமீட்டர் வானொலி இடமும் இதே போன்ற ஒரு சுதந்திரத்தைத் தந்தது. யார் செய்த கருவியும் யார் செய்த காரிலும் நுழையும். 1980களும் 90களும் மாற்றிப் பொருத்துவோரின் பொற்காலம் ஆனதற்கு இவை அடித்தளம்.

பொற்காலத்தோடு திருடர்களும் வந்தார்கள். கழற்ற எளிதான பொருள் திருடவும் எளிது. நியூயார்க்கில் 'வானொலி இல்லை' என்று அட்டையில் எழுதிக் கார்க் கண்ணாடியில் மாட்டி வைத்தனர். இரவில் கருவியை அப்படியே உருவி வீட்டுக்கு எடுத்துப் போகும் சட்டங்களும், முகப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் மாதிரிகளும் அதனால்தான் தோன்றின.

கதவும் ஒரு பெட்டிதான்

ஒலிபெருக்கியை மாற்றியும் பாட்டு நன்றாக இல்லை என்று குறைப்படுவோர் எல்லாக் காலத்திலும் உண்டு. இதற்குக் காரணம் பள்ளி இயற்பியலிலேயே இருக்கிறது. கூம்பு முன்னால் நகரும்போது முன்புறம் காற்று அழுந்துகிறது, பின்புறம் விரிகிறது. இரண்டு அலைகளும் எதிர்க்கட்டத்தில் உள்ளவை. இடையே தடுப்பு இல்லாவிட்டால் அவை சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்குக் கதவிலுள்ள ஓட்டைகள் ஒரு பொருட்டே அல்ல, சுற்றி வந்துவிடும். ஆகவே முதலில் மறைவது தாழ்ந்த ஒலிதான்.

ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் செய்த தொடர்ச்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒலிபெருக்கியும் அது அமர்ந்திருக்கும் பெட்டியும் சேர்ந்தே ஓர் அமைப்பு என்பதை அவர்கள் அளக்கத்தக்க எண்களாக்கினர். எந்தக் கூம்புக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்று முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. சிறு மூடிய பெட்டிக்காகச் செய்த ஒலிபெருக்கியைத் திறந்த கதவில் மாட்டினால் ஏன் எடுபடுவதில்லை என்பதும் விளங்கியது. இன்று திறமையான பொருத்துநர்கள் கதவின் உள்தகட்டிலுள்ள ஓட்டைகளை அடைத்து, தகட்டின் மேல் பியூட்டைல் ரப்பர் விரிப்பை ஒட்டி அதிர்வை அடக்கிய பிறகே ஒலிபெருக்கியைத் தொடுகிறார்கள். விலையுயர்ந்த ஒலிபெருக்கியை வெறும் தகரக் கதவில் மாட்டுவதைவிட, நடுத்தர விலை ஒலிபெருக்கியை ஒழுங்கு செய்த கதவில் மாட்டுவது மேல் என்பது என் கருத்தும்கூட.

இன்னும் இரண்டு சிறு செய்திகள். ஒரு பக்க ஒலிபெருக்கியில் நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் இடதும் வலதும் எதிர்க்கட்டத்தில் இயங்கி, பாட்டின் அடித்தளமே காணாமல் போகும். ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று மறுபடி கடைக்கு ஓடுவோர் உண்டு. அடுத்தது டெசிபல் கணக்கு. ஆம்ப்ளிபயரின் திறனை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அதே 3 டெசிபலை, உணர்திறன் அதிகமுள்ள ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தே பெற்றுவிடலாம்.

தமிழ்நாட்டில்

நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் வானொலி கட்டாயப் பொருளாக வரவில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் அப்படியே. ஆகவே இங்கே நெடுங்காலம் 'மாற்றுவது' என்ற பேச்சே எழவில்லை. புதிதாக வெட்டிப் பொருத்துவதுதான். சென்னையில் வானொலி உறுப்புகளுக்கு ரிச்சி தெரு, கார் அலங்காரப் பொருள்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று இடங்கள் தாமாகவே அமைந்தன. அகில இந்திய வானொலியின் பண்பலை ஒலிபரப்பு இந்தியாவிலேயே முதலில் 1977இல் சென்னையில்தான் தொடங்கியது என்றாலும், காரில் அதைக் கேட்போர் மிகச் சிலரே.

நம் மக்கள் வாகனத்தில் பாட்டுக் கேட்டது பெரும்பாலும் காரில் அல்ல, தனியார் பேருந்தில். கேசட் கடைகளிலும் 'ரெக்கார்டிங் சென்டர்'களிலும் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார்கள். பேருந்து உரிமையாளர்கள் அவற்றை வாங்கி ஓட விட்டார்கள். இருக்கைகளின் மேல் வரிசையாக ஒலிபெருக்கிகள். எந்த வண்டியில் நல்ல 'செட்' இருக்கிறது என்று பார்த்து, அதற்காகவே ஒரு வண்டியை விட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்த மாணவர்களைப் பள்ளிக்குத் தாமதமாக வந்த காரணம் கேட்டபோது நானே அறிந்திருக்கிறேன். பயணச்சீட்டு விலை ஒன்றாக இருக்கும்போது போட்டியைத் தீர்மானித்தது பாட்டு.

தொழிற்சாலையின் பதிலடி

கார் நிறுவனங்கள் நெடுநாள் வேடிக்கை பார்க்கவில்லை. வெளிக் கடைகளுக்குப் போகும் பணம் தம்மிடமே வர வேண்டும் என்று எண்ணின. 1983ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் 'டெல்கோ-போஸ்' என்ற ஒலியமைப்பைத் தந்தது. அதைச் செய்த அமர் போஸ், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுக் கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஒருவரின் மகன், எம்ஐடி பேராசிரியர். காரின் உட்புறம் மாறாதது. யார் எங்கே உட்காருவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே வீட்டைவிடக் காரில்தான் ஒலியைத் துல்லியமாக வடிவமைக்கலாம் என்பது அவரது வாதம். அந்தந்தக் கார் மாதிரிக்கென்றே சமன் செய்து, ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் தனி ஆம்ப்ளிபயர் வைத்தார்.

கருத்து சரியானதே. ஆனால் இதனால் மாற்றிப் பொருத்துவோருக்குக் கதவு சாத்தப்பட்டது. இத்தகைய அமைப்புகளில் ஒலிபெருக்கிகளின் மின்மறுப்பு 2 ஓமாகவோ அதனினும் குறைவாகவோ இருக்கும். அங்கே கடையில் வாங்கிய 4 ஓம் ஒலிபெருக்கியைப் பொருத்தினால் ஒலி மங்கிவிடும். பின்னாளில் எண்ணிம முறை வந்தபோது நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. மலிவான ஒலிபெருக்கியின் குறைகளைக் கணினி நிரல் ஈடு செய்கிறது. எங்கே அது தேய்கிறதோ அங்கே கூட்டுகிறது, ஒலியளவு ஏறும்போது சிறு கூம்பு கிழிந்துவிடாமல் தாழ்ந்த ஒலியைத் தானே குறைக்கிறது. அந்த இடத்தில் குறையற்ற ஒலிபெருக்கியை வைத்தால், நோயில்லாதவனுக்கு மருந்து கொடுத்த கதைதான். பலர் நல்ல பணம் செலவழித்தும் முன்பைவிட மோசமாகக் கேட்பதற்கு இதுவே காரணம். 2001இல் பிஎம்டபிள்யூ 7 வரிசையில் ஒளியிழை வழியே ஒலித்தரவை அனுப்பும் 'மோஸ்ட்' வலையமைப்பு வந்தபின், பழைய இரட்டைக் கம்பியைத் தேடுவதே வீண் என்றாயிற்று. இன்று அதே ஒலிபெருக்கிகள் வழியாக எச்சரிக்கை ஒலி, வழிகாட்டிக் குரல், தொலைபேசி எல்லாம் வருகின்றன.

வணிகத்திலும் எல்லைகள் கலைந்தன. ஒரு காலத்தில் வெளிக் கடையில் தேடி வாங்கிய ஜேபிஎல், இன்ஃபினிட்டி முதலிய பெயர்கள் இன்று தொழிற்சாலைக் கார்களின் ஒலிபெருக்கி வலைமூடிகளில் பொறிக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் உரிமையாளரான ஹர்மன் நிறுவனத்தை 2017இல் சாம்சங் சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கியது. பெயர் இருப்பதாலேயே உள்ளே இருப்பது கடையில் விற்ற அதே பொருள் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒலி கூடக் கூட அக்கம் பக்கத்தாரின் உரிமை பற்றிய வழக்குகளும் எழுந்தன. 25 அடிக்கு அப்பால் தெளிவாகக் கேட்கும்படி காரில் ஒலி எழுப்பக் கூடாது என்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சட்டம் இருந்தது. வணிக விளம்பர, அரசியல் வாகனங்களுக்கு மட்டும் அதில் விலக்கு! 2012 டிசம்பரில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. பாட்டுப் போடுபவனைத் தண்டித்து, தேர்தல் வண்டியை மட்டும் விட்டுவிடுவது பேச்சுரிமையில் பாகுபாடு என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களுள் ஒன்று. நம் ஊர்த் தெருக்களை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு சிரிப்பையும் சிந்தனையையும் தரும். செவியின் நலத்துக்கோ விலக்கு எதுவும் கிடையாது. நாளுக்கு 8 மணி நேரம் தாங்கும் அளவு 85 டெசிபல் என்றால், 88 டெசிபலில் அது 4 மணி நேரமாகப் பாதியாகிறது.

இன்று ஒலிபெருக்கி மாற்ற எண்ணுபவர் முதலில் தம் காரில் தொழிற்சாலை ஆம்ப்ளிபயர் உண்டா, ஒலிபெருக்கியின் மின்மறுப்பு என்ன என்ற இரண்டையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய காந்தத்தின் பின்புறத்தில் பெரும்பாலும் ஓம் அளவு அச்சிடப்பட்டிருக்கும். தனி ஆம்ப்ளிபயர் இல்லாத எளிய கார் என்றால், கம்பியை வெட்டாத இணைப்பியோடு 4 ஓம் ஒலிபெருக்கிகளைப் பொருத்துவது ஒரு பிற்பகல் வேலைதான். கழற்றியவற்றைத் துணியில் சுற்றி, திருகுகளைத் தனி உறையில் போட்டுப் பரணில் வைத்துவிடலாம். காரை விற்கும் நாளில் அவை மறுபடி தம் இடத்துக்குப் போகும். புதியவை அடுத்த காருக்கு வரும்.